கொம்பு வைத்த மணப்பெண்

தலையில் முழங்கை நீளத்துக்கு இரண்டு கொம்பு, கண்ணில் மஞ்சள் லென்ஸ், கையில் வாள். இப்படி நின்ற ஒரு பெண்ணைக் காட்டி, "இவங்கதான் கல்யாணப் பொண்ணு" என்று ஒரு பூங்கா அதிகாரியிடம் நான் சொன்னேன். நம்ப மாட்டார், விரட்டிவிடுவார் என்றுதான் பயந்தேன். மனிதர் நம்பிவிட்டார். என் கெட்ட நேரம் அங்கேதான் ஆரம்பித்தது.

என்னை ஸ்டெல்லா அக்கா என்பார்கள். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அப்பா ரயில்வே, நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் என் கேமராவுக்கு மதம் கிடையாது. கோயில் கல்யாணம், சர்ச் கல்யாணம், ஹால் டின்னர் என்று முப்பது வருடமாக ஓடியாகிவிட்டது. இப்போது முட்டி வலி, அதனால் வேலையைக் குறைத்துக்கொண்டேன். புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் யோசனை கேட்டு வருகிறார்கள். லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள், லைட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். விண்ணப்பப் பாரம் நிரப்புவது எப்படி என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் பட்டது கொஞ்சமில்லை.

1. மேசை மேல் தோள்கவசம்

யோகேஸ்வரி வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். பந்திங்கில் பிறந்தவள், ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தாள். பெரிய பிளாஸ்டிக் பையிலிருந்து கறுப்பாக, செதில் செதிலாக எதையோ எடுத்து என் மேசையில் வைத்தாள். யாருடைய கார் பம்பரையோ கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தோள்கவசமாம். நுரை ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, பசை போட்டு ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறாள். தூக்கிப் பார்த்தால் ஒரு பாக்கெட் ரொட்டி எடைகூட இல்லை.

"காஸ்பிளே தெரியுமாக்கா?" என்றாள்.

"மாறுவேடப் போட்டிதானே, ஸ்கூல்ல நடக்குமே."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து உடனே கீழே கடையிலிருந்து தே தாரிக் வரவழைத்தேன். பாதிக் கிளாஸ் டீ குடித்த பிறகுதான் பேசினாள். கதைப் பாத்திரங்களைப் போல உடுத்திப் படம் எடுத்துக்கொள்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவள் பாத்திரத்தையே சொந்தமாகக் கற்பனை செய்திருக்கிறாள். ஒரு காட்டு ராணி. காடு முழுவதையும் அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு மரம். அதை வெட்ட வருகிற வீரனுக்கு எதிராக ராணி வாளை எடுத்துக்கொண்டு நிற்கிறாள். உடையைச் செய்து முடிக்க எட்டு மாதம் ஆகியிருக்கிறது. வேலை முடிந்து பெட்டாலிங் ஜெயா வாடகை அறைக்குப் போய், ஒரு கொம்பை மட்டும் நான்கு முறை செய்து நான்கு முறை தூக்கிப் போட்டிருக்கிறாள். தரக்கட்டுப்பாட்டுக்காரி, அவள் கொம்பை அவளே ரிஜெக்ட் செய்திருக்கிறாள்.

சொந்தக் கற்பனையில் உடை செய்கிறவர்களுக்கு ஒரு போட்டி இருக்கிறதாம். பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கேஎல்லில் ஒரு மண்டபத்தில் மாட்டுவார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் போய்ச் சேர வேண்டும்.

"போன வருஷம் கார் பார்க்ல ஃபோன்ல எடுத்து அனுப்பினேன்க்கா. உடை நல்லாருக்கு, படம் சரியில்லன்னு ஒரே வரியில திருப்பிட்டாங்க. இந்தத் தடவ படத்தால போகக் கூடாது."

"படத்தால போகாது" என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன் என்பதை இங்கேயே பதிவு செய்துகொள்கிறேன்.

2. மூன்று கட்டம்

ராணிக்கு ஒரு பெரிய மரம் வேண்டும். ஷா ஆலம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேர்களைக் காலைப் போலப் பரப்பிக்கொண்டு ஓர் ஆலமரம் நிற்கிறது. அதன் அடியில் நான் எடுத்த ஜோடிகளுக்குக் கணக்கே இல்லை. அங்கே படம் எடுக்கப் பாரம் நிரப்பி பெர்மிட் வாங்க வேண்டும். அந்தப் பாரம் எனக்கு மனப்பாடம். நோக்கம் என்ற இடத்தில் மூன்று கட்டம் இருக்கும்: கல்யாணம், விளம்பரம், மற்றவை. கல்யாணம் என்றால் மூன்று நாளில் பெர்மிட் வந்துவிடும். மற்றவை என்றால் விளக்கக் கடிதம், கொண்டுவரும் பொருட்களின் பட்டியல், இரண்டு வாரம்.

எங்களுக்கு இருந்தது ஒன்பது நாள். நான் யோசிக்கவே இல்லை. பேனா தானாகக் கல்யாணத்தில் டிக் போட்டது. முப்பது வருடப் பழக்கம், கை வேறு கட்டத்துக்குப் போகவே போகாது.

யோகேஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது பொய்யாச்சே."

"பொய்யில்ல லா, ஷார்ட்கட். டோல் கட்டாம உள் ரோட்டுல போறதில்லையா, அது மாதிரி."

"என் வேலையில இப்படிச் செஞ்சா மொத்த லாட்டும் ரிஜெக்ட்."

"கல்யாண வேலையில எல்லாமே பாஸ்" என்று அவள் வாயை அடைத்தேன்.

மாப்பிள்ளை பெயர் எழுத ஓர் இடம் இருந்தது. மரம் வெட்ட வருகிற வீரனாக நடிக்கப்போவது அவளுடைய நண்பன் வெய் லூன். அவனும் காஸ்பிளேக்காரன், சொந்தமாக வெள்ளிக் கவசம் செய்து வைத்திருந்தான். அவன் பெயரை எழுதினேன். ஃபோன் செய்து, தம்பி உன்னை மாப்பிள்ளையாகப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். சாப்பாடு ஏதாவது கொண்டுவரணுமா ஆன்டி என்று மட்டும் கேட்டான். தங்கமான பையன்.

3. ரெக்கி

முன்னாலேயே இடத்தைப் பார்த்துவர ரெக்கி போகாமல் அவுட்டோர் எடுப்பவர்களை நான் மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு யோகேஸைக் கொம்போடு வரச் சொல்லி மரத்தடியில் நிறுத்தினேன். மெதுவோட்டம் ஓட வந்தவர்கள் எல்லாம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எட்டே முக்காலுக்கு வெயில் மரத்துக்குப் பின்னாலிருந்து இலை வழியாக இறங்குகிறது. ஒன்பதேகால் வரைக்கும்தான் அந்த அழகு. அதற்குப் பிறகு சூரியன் மேலே ஏறி, கொம்பின் நிழல் மூக்கில் விழுகிறது. நெற்றிச்சுட்டியின் நிழலோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன், கொம்பு நிழல் எனக்குப் புதிது. வலப்பக்க வேரில் முசுறு எறும்பு, எனவே இடப்பக்கம் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் புல்லுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள்; பைப் சரியாக அந்த மரத்தை நோக்கி இருக்கிறது. வெயிலில் இருபது நிமிடம் நின்றால் நுரையை ஒட்டிய பசை இளகிவிடும் என்று யோகேஸ் சொன்னாள். ஆகவே முதலில் நிழலில் எடுக்கும் படங்கள், கடைசியில் மரத்தடி என்று ஷாட் லிஸ்ட்டை மாற்றினேன்.

கழிப்பறை முந்நூறு அடி தூரம். கவசம் போட ஒரு மணி நேரம், கழற்ற அரை மணி நேரம். படம் எடுக்கும் நாளில் காலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். ராணி அதைக் கர்மசிரத்தையாகக் குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பெர்மிட் வந்துவிட்டது. சனிக்கிழமை எட்டு மணி முதல் பத்து மணி வரை. திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

4. பூங்கொத்து

சனிக்கிழமை காலை கார் நிறுத்தும் இடத்தில் வெய் லூனுடைய வேனுக்குள் இருவரும் உடுத்தி முடித்தார்கள். கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா வாளைப் பார்த்து எழுந்து நின்றார், தட்டிப் பார்த்தார், நுரை என்று தெரிந்ததும் சல்யூட் அடித்து உள்ளே விட்டார். எட்டு இருபதுக்கு மரத்தடிக்கு வந்துவிட்டோம். ரிஃப்ளெக்டரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஒருவர் வருவது தெரிந்தது. கையில் ரிப்பன் கட்டிய பூங்கொத்து.

என்சிக் ரொஸ்லி. அதாவது ரொஸ்லி ஐயா, என் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டவர். முன்பு நான் எடுத்த ஜோடிகளுக்கெல்லாம் வேறு அதிகாரி, இவர் புதிதாக மாற்றலாகி வந்தவர் என்பது எனக்குத் தெரியாது. பெர்மிட் வாங்கும் ஒவ்வொரு கல்யாண ஜோடிக்கும் தோட்டத்து நாற்றங்காலில் பூத்த பூவைக் கட்டித் தன் கையால் கொடுப்பது இவருடைய வழக்கம் என்பதும் தெரியாது. அதை யாரும் இவருக்கு விதிக்கவில்லை, அவராகச் செய்துகொண்டிருந்தார்.

கொம்பைப் பார்த்து நின்றார். வாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் பேசியதெல்லாம் மலாயில், நான் தமிழில் தருகிறேன்; காக் என்றால் அக்கா.

"காக், மணப்பெண் எங்க?"

அப்போதுதான், இவங்கதான் கல்யாணப் பொண்ணு என்ற அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். தீம் வெட்டிங் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தம் தோட்டத்துக்கு இப்படி ஒரு ஜோடி வந்ததேயில்லை என்றார். பூங்கொத்தைக் கொடுத்தார், வாழ்த்தினார், ஆபீஸ் போர்டில் ஒட்டுவதற்குத் தம் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றார். கையைக் கோத்துக்கொள்ளச் சொன்னார். கண்ணோடு கண் பார்க்கச் சொன்னார். மஞ்சள் லென்ஸ் போட்ட யோகேஸுக்குப் பாதிதான் தெரியும். அவள் வெய் லூனுடைய காதைக் காதலோடு பார்த்தாள். எனக்குப் பழக்க தோஷம் விடவில்லை. மாப்பிள்ளை தாடையை இறக்குங்க, பொண்ணு கொஞ்சம் வெட்கப்படும்மா என்று நானே குரல் கொடுத்தேன். கொம்புக்கடியிலிருந்து யோகேஸ் என்னைப் பார்த்த பார்வையில் வெட்கம் எதுவும் இல்லை.

எட்டு நாற்பது. என்சிக் போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று ரசிக்க ஆரம்பித்துவிட்டார்.

5. கிள்ளான் சடங்கு

ஷாட் லிஸ்ட்டில் முதல் படம், ராணி வீரனின் கழுத்தில் வாளை வைப்பது. வேறு வழியில்லாமல் எடுத்தேன். கல்யாணத்தில் இது எதற்கு என்று என்சிக் மரியாதையாகக் கேட்டார்.

"இது எங்க வழக்கம் என்சிக். கல்யாணத்துக்குப் பிறகு பேச்சைக் கேட்டு நடப்பேன்னு மாப்பிள்ளை வாக்குக் கொடுக்கணும்."

நல்ல வழக்கம் என்று அவர் தலையாட்டினார். வெய் லூனுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் கவசம் கடகடவென்று ஆடியது. நான் அவன் காலை மிதித்தேன்.

எட்டு ஐம்பது. இலை வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது முக்கியமான படம், ராணி தனியாக வேர் மேல் நிற்பது. அதற்காகத்தான் எட்டு மாதம். ஆனால் என்சிக், ஜோடியை வேரில் உட்கார வையுங்கள், குளத்துப் பக்கம் போகலாம், பாலத்தில் ஒன்று எடுக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். பெண்ணை மட்டும் தனியாக எடுக்கணும் என்றால், மாப்பிள்ளை பாவம் என்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆத்திரம் வந்தால் என் வாய் இன்னும் வேகமாக ஓடும். "என்சிக், இனிமே ஒரு சடங்கு இருக்கு. பொண்ணு தனியா மரத்தடியில நிக்கணும். ஆம்பளைங்க எல்லாரும் ஐம்பது அடி தள்ளிப் போய், திரும்பி நின்னுக்கணும்."

இதைச் சொன்னதும் அவர் விலகியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் அக்கறையான மனிதர். சடங்கில் குறை வந்துவிடக் கூடாதே என்று தோட்ட வேலைகளைப் பார்க்கும் மேற்பார்வையாளரைக் கைகாட்டி அழைத்தார். உங்கள் ஆள்தான், கூட இருந்து உதவுவார் என்றார். முனியாண்டி அண்ணன் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையில் தண்ணீர்க் குழாயின் சாவி. என்சிக் அவருக்குச் சடங்கை விளக்கினார், வாள் உட்பட.

முனியாண்டி அண்ணன் என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார்.

"எந்த ஊருச் சடங்கும்மா இது?"

"கிள்ளான் பக்கம்ண்ணே."

"நான் பொறந்து வளந்தது கிள்ளான்."

"கிறிஸ்துவங்க பண்றதுண்ணே."

"என் சம்சாரம் கிறிஸ்துவங்கதான்."

நான் ரிஃப்ளெக்டரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன். அவர் என்னை விட்டுவிட்டு யோகேஸிடம் போனார். அவள் ஒளிக்கவில்லை. நான் கல்யாணப் பொண்ணு இல்லண்ணே, இந்த உடையை நானே செஞ்சேன், ஒரே ஒரு படம் எடுக்கணும், வெயில் போயிட்டிருக்கு என்று சொல்லிவிட்டாள். அவர் கொம்பை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். பிறகு என்சிக்கிடம் திரும்பி மலாயில் சொன்னது இவ்வளவுதான்: "இந்தச் சடங்கு எனக்குத் தெரியாது துவான். ஆனா பொண்ணு தனியா நிக்கணும்னு சொன்னா, நாம தள்ளி நிக்கறதுதான் மரியாதை."

இரண்டு பேரும் வெய் லூனையும் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றார்கள். தண்ணீர் திறக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. சாவி முனியாண்டி அண்ணனின் பாக்கெட்டிலேயே இருந்தது.

6. பதினோரு நிமிடம்

ஒன்பது நாலுக்கு ஆரம்பித்தேன். ராணியின் மேலங்கியைக் காற்றில் வீசிவிட வேண்டிய வெய் லூனை மாப்பிள்ளையாக்கி அனுப்பிவிட்டதால், நானே முட்டி வலியோடு ஓடி ஓடி விரித்தேன். இடது தோள்கவசம் பசை விட்டுப் பிரிய ஆரம்பித்தது. அதைப் பின்னால் தள்ளச் சொன்னேன். தள்ளினாள். வாளைத் தரையில் ஊன்றினாள். கொம்புக்கு நடுவில் வெயில் வந்து உட்கார்ந்தது.

அதுவரை அவள் யோகேஸாகத்தான் இருந்தாள், தரக்கட்டுப்பாட்டுக்காரி, ஆறு மணியிலிருந்து தண்ணீர் குடிக்காதவள். நீ காக்கிறது இந்த ஒரு மரத்தைத்தான், வேற எதுவும் மிச்சமில்ல என்றேன். அவள் முகம் மாறியது. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பந்திங்கில் செம்பனைக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை, எதை நினைத்துக்கொண்டாளோ தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கி வ்யூஃபைண்டர் மங்கிவிட்டது. மங்கலோடுதான் அழுத்தினேன்.

ஒன்பது பதினைந்துக்குக் கொம்பின் நிழல் மூக்கில் விழுந்தது. போதும் என்றேன். முனியாண்டி அண்ணன் வந்து கேமராவின் பின்பக்கத்தில் படத்தைப் பார்த்தார். பயமாருக்கும்மா என்றார், நல்லாருக்கு என்றார், தண்ணீர் திறக்கப் போய்விட்டார். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். இதை அடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

7. திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டிக்கு அனுப்பிவிட்டோம். திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தொழிற்சாலைக் கழிப்பறையிலிருந்து யோகேஸ் ஃபோன் செய்தாள். மூச்சு வாங்கியது. பத்துப் படங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். படம் எடுத்த இடத்தின் பெர்மிட் நகலை மட்டும் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டுமாம்.

போட்டி விதிமுறைகளை அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் இருந்தாள். நான் அதில் படத்தின் அளவை மட்டும் பார்த்தேன். இப்போது முழுக்கப் படித்தேன். கல்யாணத்துக்கோ விளம்பரத்துக்கோ எடுத்த படங்கள் போட்டியில் சேராது. என் கையிலிருந்த பெர்மிட்டில் நோக்கம் என்ற இடத்தில் கல்யாணம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மணப்பெண் யோகேஸ்வரி. மணமகன் வெய் லூன்.

போட்டி நடத்துகிறவர்களைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். பூங்காவே திருத்தி ஒரு கடிதம் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம் ஆன்டி, ஐந்து மணி வரைக்கும் காத்திருக்கிறோம் என்றாள். ஷா ஆலமுக்குக் காரை விரட்டினேன். வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

என்சிக் ரொஸ்லியின் அறையில் ஒரு போர்டு. பட்டு கட்டியவர்கள், கவுன் போட்டவர்கள், பாஜு மலாயு போட்டவர்கள் என்று இருபது முப்பது ஜோடிகள். நடுவில் கொம்போடு யோகேஸும் கவசத்தோடு வெய் லூனும். புதுப் படம் என்பதால் நல்ல இடத்தில் குத்தியிருந்தார். மணமக்கள் நலமா என்றார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாரம், தீம் வெட்டிங், வாள், ஐம்பது அடி, எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மற்றவைன்னு போட்டுட்டு, என்கிட்ட வந்து நின்னு சொல்லியிருந்தா, வாளைப் பத்தி ஜாகாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ரெண்டே நாள்ல முடிச்சுக் கொடுத்திருப்பேன் காக். ரெண்டு வாரம்னு போட்டிருக்கறது, வந்து கேக்காதவங்களுக்கு."

கடிதத்தைக் கேட்டேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டு மாத வேலை என்றேன், அந்தப் பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றேன்.

"உங்க பொய்யை நினைச்சு நான் சிரிச்சுக்கலாம். வாள் சடங்கை என் மனைவிகிட்டகூடச் சொன்னேன். ஆனா கல்யாணம்னு கையெழுத்துப் போட்டது நான். இப்ப இல்லன்னு இன்னொரு கையெழுத்துப் போட்டா, ரெண்டுல ஒண்ணு பொய்யாயிடும். அதை மட்டும் என்னால செய்ய முடியாது."

முனியாண்டி அண்ணனைத் திட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் திட்டணும், அவர் தெரியாதுன்னுதானே சொன்னார் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு மரத்தடியில் எங்கள் வேலையை நடத்திக்கொடுத்தது என் ஒன்பது பொய் அல்ல, முனியாண்டி அண்ணன் சொன்ன ஓர் உண்மை.

என்சிக் எழுந்து, போர்டிலிருந்து ஊசியை எடுத்து, அந்தப் படத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மணி நாலு இருபது.

8. மற்றவை

ஃபோனில் சொல்ல மனசு வரவில்லை. தொழிற்சாலை கேட்டில் நின்றேன். ஐந்தரைக்கு யோகேஸ் சிரித்துக்கொண்டே வந்தாள், கடிதம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு. சொன்னேன்.

"படத்தால போகாதுன்னு சொன்னீங்களேக்கா."

"படத்தால போகலம்மா" என்றேன். அந்த நேரத்தில்கூட அடங்காத வாய் இது. அவள் காரில் ஏறிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவளுக்கு ஃபோன் செய்யக் கையை வைப்பேன், எடுத்துவிடுவேன். மண்டபத்தில் பத்துப் படத்தையும் மாட்டியபோது போய்ப் பார்த்தேன். பதினொன்றாவதாக வந்த யாரோ ஒருவரின் படம் எங்கள் இடத்தில் இருந்தது. அதுவும் நல்ல படம்தான், எனக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

கேமரா வாங்கிய பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். உங்கள் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் டிக் போடுங்கள். நாள் பற்றாவிட்டால் கையெழுத்துப் போடுகிற ஆளை நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் சொல்லும் பொய்க்கு விலை கொடுப்பது நீங்களாக இருந்தால் பரவாயில்லை, பெரும்பாலும் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து யோகேஸ் மாடிப்படி ஏறி வந்தாள். தோள்கவசத்தைப் புதிதாகச் செய்திருந்தாள். அடுத்த போட்டிக்கு இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒரு பாரத்தை மேசையில் வைத்தாள்.

"இந்தத் தடவ நானே எழுதிட்டேன்க்கா. போய்ப் பாத்துட்டும் வந்துட்டேன். என்சிக் ஒத்துக்கிட்டார், உங்க கையெழுத்து மட்டும் பாக்கி."

மற்றவை என்ற கட்டத்தில் டிக். கூடவே இரண்டு பக்கப் பட்டியல். கொம்பு இரண்டு, நுரை. வாள் ஒன்று, நுரை, வெட்டாது. ராணி ஒருத்தி, வீரன் ஒருவன், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. கடைசியாகக் குறிப்பு என்ற இடத்தில், மலாயில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்: படம் எடுப்பவர் பூங்கா அதிகாரியிடம் பேச மாட்டார். அதற்குப் பக்கத்தில் சம்மதம் என்று எழுதி என்சிக் ரொஸ்லி சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

சொல்வதற்கு எனக்குப் பத்துப் பதில் வாய் வரைக்கும் வந்தது. பேனாவை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.